ஸ்பிரே காய்ந்த பிறகு என்ன மிஞ்சும்? வண்டி வேலைக்குச் சரியான லூப்ரிகன்ட் கேனைத் தேர்ந்தெடுப்பது எப்படி

என் கராஜ் அலமாரியின் மேல்தட்டில் இப்போது எட்டு ஸ்பிரே கேன்கள் நிற்கின்றன. பதினைந்து வருடம் முன்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கதவு கீச்சிட்டால் அதை எடுப்பேன். நட்டு இறுகினால் அதை எடுப்பேன். செயின் காய்ந்து தெரிந்தாலும், பூட்டில் சாவி திரும்ப மறுத்தாலும் அதே கேன்தான். நான் மெக்கானிக் இல்லை. ஒரு கார், இரண்டு மோட்டார் சைக்கிள், மனைவியின் ஸ்கூட்டர், மகளின் சைக்கிள், இவ்வளவையும் விடுமுறை நாட்களில் நானே பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் தப்பான கேனைத் தப்பான இடத்தில் அடித்து ஒரு பூட்டு, ஒரு ஜோடி பிரேக் பேட், ஒரு பெட்ரோல் டேங்கின் பெயின்ட் என்று வரிசையாகக் கெடுத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்தச் செலவில் கற்றது.

கேனைக் கையில் எடுக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: அடித்தது காய்ந்த பிறகு அந்த இடத்தில் என்ன மிஞ்சும்?

பெரும்பாலான கேன்களிலிருந்து சீறி வருவதில் பெரும்பங்கு கரைப்பானும், அதை வெளியே தள்ளும் வாயுவும்தான். வாயு அப்போதே போய்விடும். கரைப்பான் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ ஆவியாகிவிடும். மிஞ்சுவது கொஞ்சம் எண்ணெயாக இருக்கலாம். சிலிகோன், கிரீஸ், மெழுகு, வெள்ளைப் பொடி என்று எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். வேலை செய்யப்போவது அந்த மிச்சம்தான். கரைப்பான் அதைச் சந்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போகும் சுமைவண்டி மாதிரி. லேபிளில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'மல்டி பர்ப்பஸ்' என்ற சொல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

கண்ணாடித் துண்டுச் சோதனை

பதில் வேண்டுமானால் கைவசம் இருக்கும் கேன்களையெல்லாம் ஒருமுறை இப்படிச் சோதித்துப் பாருங்கள். முழங்கை நீளத்தில் ஒரு பழைய கண்ணாடித் துண்டு எடுங்கள். தின்னரால் துடைத்து, மார்க்கரால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு கேனிலிருந்து ஒரு சின்னப் புள்ளி அடியுங்கள். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மறுநாள் வந்து பாருங்கள்.

நான் செய்தபோது பொது உபயோக ஸ்பிரே கீழே வழிந்து, மெல்லிய எண்ணெய்க் கோடாக மட்டும் நின்றது. சிலிகோன் இருந்த இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் வைத்தால் வழுக்கியது. வெள்ளை லித்தியம் கிரீஸ் அடித்த இடத்திலேயே குழைவாக உட்கார்ந்திருந்தது. டெஃப்ளான் உலர் ஸ்பிரே மூச்சு பட்ட கண்ணாடி போல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. செயின் ஸ்பிரேயைத் தொட்டு விரலை இழுத்தால் நூல் நூலாக வந்தது. பிரேக் கிளீனர் கட்டம் சுத்தமாக, ஒன்றுமில்லாமல்.

அப்புறம் கராஜ் தரையைப் பெருக்கிய தூசியை மேலே தூவி, கண்ணாடியை நிமிர்த்தி இரண்டு தட்டு தட்டினேன். உலர் ஸ்பிரே இருந்த கட்டத்தில் தூசி உதிர்ந்துவிட்டது. எண்ணெய்க் கோட்டில் ஒட்டியது. செயின் ஸ்பிரேயும் கிரீஸும் தூசியை விடவே இல்லை. எண்ணெயும் மண்ணும் சேர்ந்தால் அது தேய்க்கும் பசை. லூப்ரிகன்ட் என்ற பெயரே அதற்குப் பொருந்தாது. மண் படும் இடம், படாத இடம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

பொது உபயோக ஸ்பிரே

இந்த வகையில் உலகமெங்கும் தெரிந்த பெயர் டபிள்யூடி-40. 1953ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன நிறுவனம் அதை உருவாக்கியது. பெயரின் முதல் இரண்டு எழுத்தும் நீரை அப்புறப்படுத்துவதைக் குறிக்கின்றன. 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கலவை அமைந்தது என்பதற்காக. அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய வெளித்தகடு துருப்பிடிக்காமல் காப்பதற்குத்தான் முதலில் பயன்பட்டது. 1958ல் கேனில் அடைத்துக் கடைக்கு வந்தது. அதாவது, பிறந்த வேலையே ஈரத்தை விரட்டுவது.

அந்த வேலைக்கு இந்த வகை ஸ்பிரேக்களை நானும் மனதாரச் சிபாரிசு செய்வேன். மழையில் நனைந்த ஸ்பேனர் செட், கழுவியபின் நீர் தேங்கிய போல்ட் தலைகள், தார்ப்புள்ளி, ஸ்டிக்கர் கழற்றிய பசை எல்லாவற்றுக்கும் நல்லது. அதில் கொஞ்சம் எண்ணெய் இருப்பதால் சும்மா உரசும் இடத்துக்குத் தற்காலிகமாக வழுக்கலும் தரும். தொல்லை எங்கே என்றால், அதிலுள்ள கரைப்பான் ஏற்கெனவே அங்கே இருக்கும் நல்ல கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். கதவுக் கீலில் அடித்தால் சத்தம் உடனே நிற்கும். சில வாரத்தில் முன்பைவிடப் பலமாகத் திரும்பி வரும். என் காரின் பின்கதவில் இதை நான் ஏழெட்டு முறை செய்து, ஒவ்வொரு முறையும் சரிசெய்துவிட்டதாகத் திருப்திப்பட்டிருக்கிறேன்.

இறுகிப்போன நட்டு

வண்டி வேலையில் ஆளைச் சோதிப்பது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இடத்தை அடைக்கும். மரைக்கும் மரைக்கும் நடுவில் இருந்த மயிரிழை இடைவெளி அதனால் அடைபட்டு, நட்டும் போல்ட்டும் ஒரே துண்டு போல ஆகிவிடுகின்றன. பெனிட்ரேட்டிங் ஆயில் என்று தனியாக விற்கும் ஸ்பிரேக்கள் மிகவும் நீர்த்தவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தத் துருவின் நுண்துளைகள் வழியே தானாக ஏறிப்போகும். தானாக ஏறுகிறது என்பதால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். கூடுதலாக அடிப்பதால் வேகம் கூடாது.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு சைலன்ஸர் ஃபிளாஞ்ச், அதாவது சைலன்ஸரைக் குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தகடு. இரண்டு போல்ட், இரண்டும் ஒரே மாதிரி துருப்பிடித்தவை. முதல் போல்ட்டுக்குக் கேனில் கால்வாசி அடித்து, ஐந்து நிமிடம் பொறுத்து, ஸ்பேனரில் குழாய் மாட்டி இழுத்தேன். தலை மட்டும் கையோடு வந்தது. மீதியைத் துளைபோட்டு எடுக்க ஒரு முழு நாள் போனது. இரண்டாவதைத் தொடவே பயந்து, இரவு கொஞ்சம் அடித்தேன், காலையில் கொஞ்சம், மறுபடி இரவு கொஞ்சம். மூன்றாம் நாள் சாதாரண ஸ்பேனருக்கே 'க்ரக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பியது.

இப்போது நான் செய்யும் வரிசை இது. முதலில் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்வேன். மண் மேல் அடித்தால் எண்ணெயை மண்தான் குடிக்கும். போல்ட்டும் நட்டும் சேரும் விளிம்பில் குழலை வைத்துச் சிக்கனமாக அடிப்பேன். பிறகு சுத்தியலால் நட்டின் பக்கங்களில் ஓங்காமல் பத்துப் பதினைந்து தட்டு. அந்த அதிர்வில் துரு நுண்ணியதாக விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி விடும். முடிந்தால் ஒரு இரவு விட்டுவிடுவேன். கழற்றும்போது ஆறுமுனை சாக்கெட்தான். பன்னிரண்டு முனை, இறுகிய நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். முதலில் மிகக் கொஞ்சம் இறுக்கும் பக்கம், பிறகு கழற்றும் பக்கம். அசைந்ததும் ஒரேயடியாகச் சுழற்றாமல் அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னுமாக, நடுவில் இன்னொரு துளி விட்டு.

அதற்கும் அசையாவிட்டால் சூடுதான் வழி. ஆனால் ஸ்பிரே அடித்த இடத்தில் தீயைக் காட்டுவது தற்கொலைக்குச் சமம். நன்றாகத் துடைத்து, காயவிட்டு, கேனை வேறு இடத்துக்குக் கொண்டுபோன பிறகே சூடு. பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ரப்பர் எதற்கும் பக்கத்தில் இதை முயலவே மாட்டேன். சூடான நட்டின் விளிம்பில் மெழுகுவர்த்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும். சில பிடிவாதமான நட்டுக்கு ஸ்பிரேயைவிட இதுவே எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

கழன்ற பிறகு பலர் விட்டுவிடும் விஷயம் ஒன்று. அந்த மரையில் எண்ணெய் இருக்கிறது; அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும். நாம் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கில் கிட்டத்தட்ட 90 சதவீதம் உராய்வை வெல்வதிலேயே செலவாகிறது. போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுவது 10 சதவீதம் அளவுக்குத்தான். மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறையும், அதே டார்க் (முறுக்கு அளவு) எண்ணுக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். வண்டிக் கையேட்டில் வீல் நட்டுக்குப் போட்டிருக்கும் எண், வேறுவிதமாகச் சொல்லாதவரை, சுத்தமான உலர்ந்த மரைக்கானது. வீல் நட்டு அடுத்த முறை சுலபமாகக் கழல வேண்டும் என்று நினைத்து எண்ணெய் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மரை துருப்பிடிக்கக் கூடாது என்றால் ஆன்டி-சீஸ் என்ற தாமிரம் கலந்த பசை இருக்கிறது; கையேடு அனுமதிக்கும் இடத்தில் மட்டும் மெல்லப் பூசுங்கள். ஸ்பார்க் பிளக்குகளில் பல, முலாம் பூசியே வருகின்றன. அவற்றுக்கு அந்தப் பசையும் தேவையில்லை.

ரப்பர் இருக்கும் இடம்

பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் எல்லா ரப்பருக்கும் ஆகாது. நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். எஞ்சின் ஆயில் சீல்களில் இருப்பது பெரும்பாலும் அந்தக் குடும்பம். ஆனால் கதவு ஓரத்து ரப்பர் பட்டை, பிரேக் சீல் போன்றவற்றில் இருக்கும் இபிடிஎம் ரப்பரும், சஸ்பென்ஷன் புஷ்களில் இருக்கும் இயற்கை ரப்பரும் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும்.

பிரேக் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) நகர உதவும் ஸ்லைடு பின்னுக்கு, கையில் கிடைத்த சாதாரண கிரீஸ் ஸ்பிரேயை ஒருமுறை அடித்துவிட்டேன். சில மாதம் கழித்து வண்டி ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் பின்னைச் சுற்றியிருந்த ரப்பர் உப்பி, பின் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது. உள்பக்க பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்து, வெளிப்பக்கம் புதிது போல. அங்கே போட வேண்டியது பிரேக்குக்கென்றே வரும் சிலிகோன் அல்லது செயற்கை கிரீஸ். அதையும் ஸ்பிரேயாக அடிக்காமல் விரலால் மெல்லப் பூச வேண்டும். டிஸ்க்கிலும் பேடின் முகத்திலும் எந்த லூப்ரிகன்ட்டும் படக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் எதற்கோ அடிக்கும்போது காற்றில் பறந்துபோய் அங்கேதான் உட்காரும்.

கதவுப் பட்டை, ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளம், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் இடம் இவற்றுக்குச் சிலிகோன் ஸ்பிரே. இதில் மிஞ்சும் சிலிகோன் எண்ணெய் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, வெயிலிலும் குளிரிலும் குணம் மாறுவது குறைவு. விதிவிலக்கு சிலிகோன் ரப்பர். அதன் மேல் சிலிகோன் எண்ணெய் பட்டால் அதுவும் உப்பும். ஜன்னல் மெதுவாக ஏறுகிறது என்று மோட்டாரை மாற்றக் கிளம்பும் முன், இரு பக்கப் பள்ளத்தையும் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, குழல் வைத்து மேலிருந்து கீழாக ஒரு கோடு அடித்துப் பாருங்கள்.

சிலிகோனிடம் நான் பயப்படுவது அதன் பரவலுக்குத்தான். ஒரு சனிக்கிழமை மதியம் கதவு ரப்பருக்குத் தாராளமாக அடித்தேன். மறுநாள் அதே கராஜில் மோட்டார் சைக்கிள் டேங்குக்குப் பெயின்ட் அடித்தேன். ஈரப் பெயின்ட் கண்ணெதிரே சின்னச் சின்ன வட்டமாக விலகி, நடுவில் பழைய பூச்சு எட்டிப் பார்த்தது. பெயின்ட்காரர்கள் மீன்கண் என்று சொல்லும் கோளாறு அது. கண்ணுக்கே தெரியாத அளவு சிலிகோன் போதும், பெயின்ட் அந்த இடத்தில் நிற்காது. தேய்த்து, துடைத்து, மறுபடி அடித்தும் இரண்டாம் முறையும் வந்தது. பெயின்ட் வேலை இருக்கும் இடத்தில் இந்தக் கேனின் மூடியைத் திறப்பதே இல்லை என்று அன்றிலிருந்து விதி.

இன்னும் இரண்டு இடம் இதற்கு ஆகாது. எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில் அடித்தால் சிலிகோன் எரிந்து சிலிக்காவாக மாறி, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் மேல் படிந்து அதைக் குருடாக்கும். தீப்பொறி பறக்கும் ரிலே, ஸ்விட்ச் முனைகளிலும் இதே கதைதான். சிலிக்கா மின்சாரத்தை விடாது. ஸ்டியரிங், மிதிகள், இருக்கை, டயர், தரை இவற்றில் ஒரு துளி பட்டாலும் வழுக்கும், அதனால் ரப்பர் பட்டைக்குக்கூட இப்போது துணியில் அடித்துத்தான் தடவுகிறேன்.

கீலும் தண்டவாளமும்

கதவுக் கீல், கதவு நிறுத்தி, பானெட் கொக்கி, இருக்கை நகரும் தண்டவாளம் எல்லாம் இரும்போடு இரும்பு, மெதுவாக, பாரத்தோடு உரசும் இடங்கள். வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்பிரேயை இங்கே அடியுங்கள். அதன் வெள்ளைக்குக் காரணம் துத்தநாக ஆக்சைடு. வரும்போது நீர்த்து வந்து சந்தில் புகும். கரைப்பான் போனதும் கெட்டியாகி நின்றுவிடும். பழைய கறுப்புப் பசையைத் துடைக்காமல் மேலே அடிப்பது வீண்வேலை. அடித்ததும் கதவைப் பத்துமுறை திறந்து மூடி, வெளியே வழிந்ததைத் துடைத்தால் சட்டையில் வெள்ளைக் கறை வராது. என் காரின் பின்கதவு, ஏழெட்டு முறை பொது ஸ்பிரே குடித்த அதே கதவு, இதற்கு ஒரே முறையில் அடங்கி ஒரு வருடத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை.

பூட்டு

சாவித்துளைக்குள் எண்ணெய் அடிக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கராஜ் கதவுப் பூட்டில் கொஞ்சம் அடிப்பேன், சாவி வழுக்கிக்கொண்டு போகும், சந்தோஷம். மூன்றாம் வருடம் சாவி பாதியில் நின்றது. பூட்டு செய்பவர் பிரித்துக் காட்டியபோது உள்ளே இருந்த சின்னச் சின்னப் பின்கள் எல்லாம் பித்தளைத்தூளும் சட்டைப்பை நூலும் பழைய எண்ணெயும் சேர்ந்த கறுப்புக் களியில் மூழ்கிக் கிடந்தன. அந்தப் பின்களைத் தள்ளும் ஸ்பிரிங் மயிரிழை தடிமன். களியை அதனால் தள்ள முடியாது.

அங்கே மிஞ்ச வேண்டியது உலர்ந்த பொருள். டெஃப்ளான் உலர் ஸ்பிரே அல்லது கிராஃபைட் பொடி. டெஃப்ளான் என்பது பிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக்கின் வணிகப் பெயர். 1938ல் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் ஒரு வாயு சிலிண்டரைத் திறந்தபோது வாயு வரவில்லை. எடை மட்டும் குறையாமல் இருந்தது. சிலிண்டரை அறுத்துப் பார்த்தால் உள்ளே வழுக்கும் வெள்ளைப் பொடி. அந்தப் பொடியைத்தான் இன்றைக்கு நாம் பூட்டுக்குள் அனுப்புகிறோம்.

கேனை நன்றாகக் குலுக்குங்கள், பொடி அடியில் தங்கும் குணம் உள்ளது. சாவித்துளைக்குள் குழலை வைத்து அரை நொடி, சாவியைப் பத்துமுறை உள்ளே வெளியே, துடைப்பு, பத்து நிமிடம் காயவிடல். ஏற்கெனவே எண்ணெய் போட்ட பூட்டு என்றால் முதலில் காண்டாக்ட் கிளீனரால் (மின் இணைப்பு முனைகளைக் கழுவும் ஸ்பிரே) கழுவிக் காயவைத்துவிட்டு அப்புறம் இது. எண்ணெயும் கிராஃபைட்டும் ஒன்று சேர்ந்தால் களி இன்னும் மோசம். கிராஃபைட் மின்சாரம் கடத்தும், அதனால் மின் ஸ்விட்ச்சோடு சேர்ந்த இக்னிஷன் பூட்டுக்கு அதைத் தவிர்க்கிறேன்.

மோட்டார் சைக்கிள் செயின்

இப்போதைய செயின்களில் பல ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் வைத்தவை. ஒவ்வொரு கணுவின் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து, இருபுறமும் ரப்பர் வளையம் போட்டு மூடியிருப்பார்கள். நாம் வெளியே அடிப்பது அந்த உள் கிரீஸோடு சேராது. அப்படியானால் எதற்கு அடிக்கிறோம்? ரோலர் ஸ்ப்ராக்கெட் பல்லில் மோதும் இடத்துக்கும், பக்கத் தகடு துருப்பிடிக்காமல் இருக்கவும், அந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும். கேனில் ஓ-ரிங் செயினுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான். கார்புரேட்டர் கிளீனர், பெட்ரோல், கம்பி பிரஷ் மூன்றும் வளையத்தைத் தின்றுவிடும். வளையம் போனால் உள் கிரீஸ் போகும். பிறகு வெளியே எத்தனை கேன் ஊற்றினாலும் செயின் நீளுவது நிற்காது.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். துடைத்துக் காயவைத்த பின், சென்டர் ஸ்டாண்டிலோ, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே செயினின் உள்பக்கத்தில் அடியுங்கள். சுழலும்போது திரவம் வெளிப்பக்கம் தள்ளப்படும் என்பதால் உள்ளே அடித்தது தானாகக் கணுக்களைக் கடந்து வரும். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டு அடிப்பது வேகமாக முடியும். துணியோடு விரலையும் ஸ்ப்ராக்கெட் இழுத்துக்கொண்டு போவது அதைவிட வேகமாக முடியும். இதில் மட்டும் நான் யாரிடமும் சமரசம் செய்துகொள்வதில்லை.

நேரம் முக்கியம். ஓட்டி முடித்து வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது அடித்து, இரவு முழுக்க விட்டால் கரைப்பான் போய் மிச்சம் ஒட்டிக்கொள்ளும். கிளம்பும் முன் அடித்தால் பாதி டயரிலும் நம்பர் பிளேட்டிலும் தெறிக்கும். அடிக்கும்போது பின்னால் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டால் டயரும் டிஸ்க்கும் தப்பும். இடைவெளிக்குப் பல கையேடுகள் 500 முதல் 1000 கிலோமீட்டர் என்று சொல்கின்றன. மழையில் ஓட்டி வந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றே. மண் அதிகம் உள்ள பாதை என்றால் மெழுகு மிஞ்சும் வகையையும், நெடுஞ்சாலை வேகம் என்றால் பிசுபிசுப்பான வகையையும் எடுப்பேன்.

மகளின் சைக்கிள் செயினுக்கு நான் ஸ்பிரேயே அடிப்பதில்லை. சொட்டு எண்ணெய் பாட்டில்தான், ஒரு கணுவுக்கு ஒரு சொட்டு. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் ஸ்பிரேயின் தூவானம் பட்டு ஒரு ஜோடி பேட் போனது. ஆரம்பத்தில் சொன்ன பேட் கணக்கு அதுதான்.

லூப்ரிகன்ட் அல்லாத கேன்கள்

பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர், காண்டாக்ட் கிளீனர் மூன்றும் எதையும் மிச்சம் வைக்காமல் கழுவிவிட்டுப் போவதற்காக உள்ளவை. இவற்றை அடித்த இடத்தில் தேவையான கிரீஸைத் திரும்பப் போடுவது நம் பொறுப்பு. கார்புரேட்டர் கிளீனர் பெயின்ட்டையும் பல ரப்பர்களையும் கரைக்கும். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது. லேபிளில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்று வந்தால் அந்த வகை. அது மீதமிருக்கும் இரும்பில் வெல்டிங் வைத்தாலோ, பழுத்த சூட்டில் பட்டாலோ ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகலாம். வெல்டிங் செய்யும் எவரும் அந்த வகையை வீட்டிலேயே வைக்காமல் இருப்பது நல்லது.

கேனை வாங்கும் முன்

முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் பாதுகாப்புத் தகவல் தாளைத் தேடுங்கள். 16 பகுதிகள் இருக்கும். மூன்றாவது பகுதியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, ஒன்பதாவதில் எந்த வெப்பத்தில் தீப்பற்றும் என்பது இருக்கும். முக்கால்வாசி கரைப்பான் என்று தெரிந்தால், அந்தக் கேனிடம் நீண்டநாள் வழுக்கலை எதிர்பார்க்க மாட்டோம்.

உள்ளே அழுத்தம் தருவது பல கேன்களில் பியூட்டேன், புரொப்பேன்; அடுப்பெரிக்கும் வாயுவின் குடும்பம். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே இருக்கும். வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் அந்தச் சூடு சாதாரணமாக வரும். சூடான சைலன்ஸர், எரியும் சிகரெட், பேட்டரி முனையில் பொறி எல்லாமே போதும் பற்றிக்கொள்ள. பேட்டரி பக்கத்தில் வேலை செய்யும்போது கேனைக் கீழே வைத்துவிடுங்கள். அதுவும் ஒரு உலோகத் துண்டு, இரண்டு முனைக்கும் பாலம் போட்டுவிடும். கதவைத் திறந்து வையுங்கள், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்டால்: ஒரு பெனிட்ரேட்டிங் ஆயில், ஒரு வெள்ளை லித்தியம் கிரீஸ், ஒரு சிலிகோன். மோட்டார் சைக்கிள் இருந்தால் செயின் ஸ்பிரே. டெஃப்ளான் உலர் ஸ்பிரே அடுத்த மாதம் வாங்கினாலும் பரவாயில்லை, அதுவரை பூட்டுக்குள் எதையும் அடிக்காதீர்கள். கீச்சிடும் ஃபேன் பெல்ட்டுக்கும், உறுமும் வீல் பேரிங்குக்கும், ஸ்கூட்டரின் உள்ளே ஓடும் பெல்ட்டுக்கும் எந்தக் கேனும் வேண்டாம். பெல்ட்டில் அடித்தால் வழுக்கும்; மூடிய பேரிங்குக்குள் ஸ்பிரே போய்ச் சேராது. ஃபேன் பெல்ட்டின் சத்தத்துக்கு முதலில் இறுக்கத்தையும் புல்லியையும் பாருங்கள். உறுமும் பேரிங்கை மாற்றத்தான் வேண்டும்.